நாற்பது நாற்பதாகக் காணாமற்போன நேரம்

பீர்மேடு
13.10.1974

அன்புள்ள அத்தானுக்கு இன்பமேரி எழுதுவது.

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் சரியில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை சின்னத் துரை என்னை ஃபாக்டரி ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசை மேல் பாலக்காட்டிலிருந்து வந்த அச்சடித்த தாள் கிடந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட தாள். பார்த்ததும் உங்கள் ஆபீஸ் தாள் என்று கண்டுகொண்டு, ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை அவர் வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

"போன வாரம் திங்கக்கிழமை இலை எவ்வளவு நேரம் பரத்திக் கெடந்துச்சு, இன்பமேரி?"

"அஞ்சேகால் மணி நேரம் சார். தரையில மூணு பாத்தியாப் பரத்தினோம். பாத்திக்கு ஒண்ணே முக்கால் மணி. ஒண்ணு முடிஞ்சுதான் ஒண்ணு போட்டோம்."

"மிஷின் நாலு மணி முப்பத்தஞ்சு நிமிஷம்னு சொல்லுதே?"

நான் விரல் விட்டுக் கூட்டிக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. "விரல் வேண்டாம்னுதான் கம்பெனி மிஷின் வச்சிருக்கு" என்றார். நான் பாலக்காட்டுக்கு அனுப்பும் தினச் சீட்டில் உண்மை நேரத்தை எழுதுகிறேனாம். ஃபாக்டரிப் பதிவேட்டில் மட்டும் நேரத்தைக் கூட்டி எழுதுகிறேனாம். அதாவது இலை செம்பு நிறத்துக்கு வரும் முன்பே வாரி எடுத்து உலையறைக்கு அனுப்பிவிட்டு, பொறுத்திருந்து எடுத்ததாகப் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம். இந்த மாதத் தேயிலையில் பச்சை வாடை அடிக்கிறது என்று கொச்சி ஏலத்தில் குறை சொன்னார்களாம். அந்தப் பழியைப் போட ஒரு தலை வேண்டும். என் தலைதான் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது.

விசாரணை வைப்பார்கள் போலிருக்கிறது. குற்றம் உறுதியானால் என்னைப் பழையபடி கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், இலையைப் பரப்பி நிறம் மாற வைக்கும் அந்த அறையை ஒரு பெண்ணிடம் கொடுத்தபோது எத்தனை பேர் சிரித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

என் சீட்டுகள் எல்லாம் உங்கள் ஆபீசில்தானே இருக்கும்? எடுத்துப் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இன்பமேரி


முதலமடை
18.10.1974

அன்புள்ள இன்பத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீ சொல்வதில் ஒரு விஷயத்தை நான் தெளிவுபடுத்த வேண்டும்.

அந்தப் புரோகிராமை எழுதியவன் நான்தான். உங்கள் கம்பெனியின் நான்கு ஃபாக்டரிகளுக்கும் ஒரே புரோகிராம். நீங்கள் அனுப்பும் சீட்டில் இருப்பதைப் பாலக்காட்டு ஆபீசில் பெண்கள் கார்டில் ஓட்டையாகக் குத்துகிறார்கள். கார்டுப் பெட்டியோடு நாங்கள் வாரம் இரண்டு முறை ரயிலில் கோயம்புத்தூர் போகிறோம். அங்கே ஒரு மில்லில் இருக்கும் கம்ப்யூட்டரில் மணிக்கு இவ்வளவு என்று நேரம் வாங்கி ஓட்டுகிறோம். எத்தனை பாத்தி, பாத்திக்கு எவ்வளவு நேரம், இரண்டையும் பெருக்கு என்று சொன்னால் அது பெருக்கும். அதற்குப் பெண்டாட்டியும் கிடையாது, மச்சானும் கிடையாது. யாருக்காகவும் கூட்டிக் குறைக்காது. மார்ச் மாதத்தில் நானே சோதித்துப் பார்த்து, மேனேஜர் வாயால் சபாஷ் வாங்கிய புரோகிராம் அது.

ஆகையால் கேட்கிறேன், கோபப்படாதே. வேலை நெருக்கடியில் பதிவேட்டில் எப்போதாவது நேரத்தைச் சற்றுக் கூட்டி எழுதியிருந்தால் என்னிடம் சொல்லலாம். நான் உன் புருஷன். துரை அல்ல.

அப்படியே அவர்கள் உன்னை அந்த அறையிலிருந்து எடுத்தாலும் அழ வேண்டியதில்லை. கொழுந்துக்கூடையும் வேண்டாம். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. வீடு பிடித்து ஒரு வருஷம் ஆகிறது. வாசலில் மூன்று மாமரம். வீட்டுக்காரம்மா செல்லாத்தாள் தினமும் கேட்கிறார்: "ஏனுங்க தம்பி, ஊட்டுக்காரி எப்பங்க வருவாங்க? ஆம்பள தனியா இருந்தா அது ஊடுங்களா, சத்திரமுங்களா?"

போன வாரம் கோயம்புத்தூரில் நேரம் மிச்சமிருந்தது. ஒரு கார்டில் நம்மைக் குத்திப் போட்டேன். அதே புரோகிராம்தான். மணி இருந்த இடத்தில் நாள், நிமிடம் இருந்த இடத்தில் மணி. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் பன்னிரண்டு முறை அங்கே வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெள்ளி மாலை ஆறு மணி பஸ்ஸில் இறங்கி, திங்கள் பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறுவேன். இரண்டு நாள் பதினெட்டு மணி. பன்னிரண்டால் பெருக்கி மிஷின் என்ன அச்சடித்தது தெரியுமா? இருபத்தாறு நாள் பதினாறு மணி. அவ்வளவுதான் நாம் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது. அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

சிலுவைராஜ்


பீர்மேடு
24.10.1974

அத்தானுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஒரு தரம் பெண்டாட்டியாக, ஒரு தரம் அந்த அறையின் பொறுப்பாளியாக. இரண்டு தரமும் ஒரே இடத்தில் வலித்தது.

சீட்டுகளை எடுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்டேன். நீங்கள் சீட்டைப் பார்க்கவில்லை. உங்கள் மிஷினின் யோக்கியதையை எனக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, என் யோக்கியதையைக் கேட்டிருக்கிறீர்கள். துரை கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் கேட்டதும் வந்தது.

நேரத்தை நான் எப்படிப் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை அந்த அறைக்கு வந்து, ஈர வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்தானே நீங்கள். உருட்டிய இலை வந்து தரையில் பரப்பி முடித்ததும் தலைமாட்டில் ஒரு சிலேட்டுப் பலகை வைப்பேன். வைத்த மணியைச் சுண்ணக்கட்டியால் எழுதுவேன். வாரும்போது மணியை அதன் கீழே எழுதுவேன். பிறகு சீட்டு, பிறகு பதிவேடு. என் சொந்த நோட்டிலும் ஒரு வரி. சுவர்க்கடிகாரம் மழைக்காலத்தில் பின்தங்கும் என்று தினமும் சங்கு ஊதும்போது சரிபார்க்கிறேன். தினச் சீட்டில் சின்னத் துரையே கையெழுத்துப் போட்டுத்தான் தபாலில் போகும். கையெழுத்துப் போட்டது அவருக்கே நினைவில்லை.

"சுருளியம்மாக்கா, நான் எப்பவாச்சும் இலையை முன்கூட்டி வாரச் சொல்லியிருக்கேனா?" என்று கேட்டேன். என்னோடு இலை பரப்பும் சுருளியம்மாள்தான். "நீ வாரச் சொல்லுதுக்குள்ள எங்க கால் மரத்துப்போவுது, இதுல முன்கூட்டியாம்" என்றாள். அது ஒன்றுதான் இந்த வாரம் எனக்குக் கிடைத்த நற்சான்று.

விசாரணை நவம்பர் 16, சனிக்கிழமை. நான் போய்ப் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னை அங்கிருந்து துரத்தினால் உங்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மாமரத்துக்கு அடியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடலாம். நான் அங்கே வருவதாக இருந்தால் என் இஷ்டத்தில் வருவேன். திருடி என்று பேர் வாங்கிக்கொண்டு வரமாட்டேன்.

ஆபீஸ் கிளார்க் ஏசுரத்தினம் அண்ணனிடம் அந்த அச்சுத்தாளை ஒருநாள் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இன்பமேரி


முதலமடை
31.10.1974

இன்பம்,

உன் கடிதம் வந்தது. விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஒரு முடிவுக்கும் வராதே.

இங்கே மழை விட்டுவிட்டது. போன வாரம் ஒரு கட்டில் வாங்கினேன், பலாமரம். செல்லாத்தாள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா ஒத்த ஆளுக்கு எதுக்குங்க இத்தன அகலம்?" என்றார்.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறையில் என் பேரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்று.

சிலுவைராஜ்


பீர்மேடு
3.11.1974

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஏதும் வரவில்லை. கோபமாக எழுதியதால் நீங்களும் கோபித்துக்கொண்டீர்கள் போலும். பரவாயில்லை. இது கோபக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம்.

நேற்றுக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வரும் வழியில் ஏசுரத்தினம் அண்ணன் தாளைக் கொடுத்தார். "இன்னிக்கே திருப்பிக் குடுத்துரணும் தாயி, என் வேலை போயிரும்" என்றார். சாயங்காலத்துக்குள் என் நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தை எழுதுகிறேன், நீங்களும் பாருங்கள்.

திங்கள்: 3 பாத்தி, பாத்திக்கு 1 மணி 45 நிமிடம். பதிவேட்டில் 5 மணி 15. உங்கள் தாளில் 4 மணி 35. நாற்பது நிமிடம் குறைவு.

செவ்வாய்: 4 பாத்தி, 1 மணி 30. பதிவேட்டில் 6 மணி. தாளில் 5 மணி 20. இதிலும் நாற்பது.

புதன்: 5 பாத்தி, 1 மணி 50. பதிவேட்டில் 9 மணி 10. தாளில் 7 மணி 50. எண்பது. இரண்டு நாற்பது.

வியாழன்: 2 பாத்தி, 1 மணி 45. பதிவேட்டில் 3 மணி 30. தாளில் என்ன தெரியுமா? 2 மணி 90 நிமிடம்! ஏசுரத்தினம் அண்ணன் அதன் மேல் பேனாவால் 3.30 என்று திருத்தியிருக்கிறார். கேட்டால், "மிஷினும் சில நேரம் கிறுக்கும் தாயி, நான்தான் நேராக்கி மேலே அனுப்பினேன்" என்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் கிறுக்கலை அப்படியே மேலே அனுப்பியிருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திருக்காது.

நான் நேரத்தைத் திருடுகிறவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் இருபத்தேழு நிமிஷம் என்று கைக்கு வந்தபடிதானே திருடுவேன்? நாற்பது நாற்பதாக அளந்தா திருடுவேன்? யோசித்துக்கொண்டே அடுப்பில் சோற்றைக் குழையவிட்டேன். அப்புறம்தான் பட்டது. நூறில் அறுபது போனால் நாற்பது. உங்கள் மிஷின் அறுபது நிமிடத்தில் ஒரு மணியை ஏற்றவில்லை, நூறு நிமிடம் சேர்ந்தால்தான் ஏற்றுகிறது. சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவள்.

விசாரணைக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

இன்பமேரி


முதலமடை
7.11.1974

என் இன்பத்துக்கு,

இது வரும் முன்பே என் தந்தி கிடைத்திருக்கும். "நீ சொன்னது சரி" என்று மூன்றே வார்த்தை. தந்தியில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன்.

நீ சொன்னது அத்தனையும் சரி. கார்டில் எண்பது இடம்தான் உண்டு. மணிக்கு ஒரு எண், நிமிடத்துக்கு ஒரு எண் என்று தனித்தனியாக எடுத்துக் கணக்குப் பண்ணினால் புரோகிராம் நீளும் என்று இரண்டையும் ஒட்டி ஒரே எண்ணாகப் படிக்கவைத்தேன். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் என்பது 145. மூன்றால் பெருக்கினால் 435. அதை மறுபடி பிளந்து 4 மணி 35 என்று அச்சடிக்கவைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார். மார்ச் மாதம் சோதித்தபோது வெயில் காலம். இலை சீக்கிரம் நிறம் மாறும், கொழுந்தும் குறைவு. இரண்டு பாத்தி, ஒரு மணி இருபது நிமிடம் என்றே சீட்டுகள் வந்தன. 120-ஐ இரண்டால் பெருக்கினால் 240. இரண்டு மணி நாற்பது. சரியாகத்தானே வரும்! மழையும் குளிரும் வந்து உன் பாத்திகள் கூடியபோதுதான் தப்பு வெளியே வந்தது.

நீ எட்டாவது படித்தவள், ஒரு சாயங்காலத்தில் கண்டுபிடித்தாய். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று நீ நினைத்துக்கொள்ளக்கூடும். அது உண்மையில்லை. உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகு வெட்கப்பட்டு, அக்டோபர் 30, புதன்கிழமை, உன் சீட்டுகளை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் துரையின் கையெழுத்து. உன் எழுத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. பத்து நிமிஷத்தில் என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள்தான் உனக்கு அந்தக் கட்டில் கடிதம் எழுதினேன். தெரிந்தும் சொல்லவில்லை.

என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அது ஒரு பயம். ஆனால் அதையே காரணமாகச் சொன்னால் அதுவும் பொய். விசாரணை தன் போக்கில் நடந்து முடிந்தால் நீ இங்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். கட்டிலைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். எட்டு நாள் அப்படி இருந்தேன், இன்பம். உன் மூன்றாவது கடிதத்தில் "நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்ற வரி வந்ததும் இருக்க முடியவில்லை.

இன்று காலை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான்கு ஃபாக்டரிக்கும் தப்பான தாள் போயிருக்கிறது. அவர் கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிரந்தரம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகிறது. உன் துரைக்கு நான் கையெழுத்திட்டு எழுதிய கடிதமும், உன் சீட்டுகளும் பதிவுத் தபாலில் வருகின்றன.

இனி உன்னை வேலையை விடு என்று சொல்லமாட்டேன். கிறிஸ்மஸுக்கு வரலாமா? 24-ம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வந்து சேரும்படி லீவு கேட்டிருக்கிறேன். வராதே என்றால் வரமாட்டேன்.

சிலுவைராஜ்


பீர்மேடு
17.11.1974

அத்தானுக்கு,

விசாரணை முடிந்தது. நேற்று நடந்ததை முதலில் சொல்கிறேன். மற்றது பிறகு.

பெரிய துரையும் வந்திருந்தார். சின்னத் துரை உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, "யார் இந்தச் சிலுவைராஜ்?" என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். "அப்படிச் சொல்லு! பொண்டாட்டிக்குப் புருஷன் சாட்சியா?" என்று சிரித்தார். உங்கள் கடிதம் அந்த இடத்தில் செத்துப்போயிற்று. ஆனால் அதோடு வந்த சீட்டுகள் சாகவில்லை. அவற்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"சார், இது என் எழுத்து. கீழ இருக்கது உங்க கையெழுத்து. மூணு பாத்தி, ஒண்ணே முக்கால் மணின்னு பாத்துத்தான போட்டீங்க?"

பிறகு என் சிலேட்டுப் பலகையை எடுத்து, தாளில் வியாழக்கிழமைக்கு நேராகப் பேனாத் திருத்தத்துக்கு அடியில் அச்சில் இருந்ததை அப்படியே எழுதினேன். 2 மணி 90 நிமிடம். பெரிய துரையிடம் நீட்டி, "ஐயா, தொண்ணூறு நிமிசம் வரைக்கும் முள்ளு போற கடிகாரம் நம்ம ஃபாக்டரியில எங்க இருக்கு? காமிச்சா நாளையிலேர்ந்து அதையே பாத்து எழுதுதேன்" என்றேன்.

பெரிய துரை தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சுண்ணக்கட்டி கேட்டு வாங்கி, திங்கட்கிழமைக் கணக்கை அவரே போட்டார். ஐந்தேகால் வந்தது. செவ்வாய், ஆறு வந்தது. அதற்கு மேல் போடவில்லை. பச்சை வாடைக்கு வேறு காரணம் தேடச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அறை என்னிடமே இருக்கிறது. சுருளியம்மாள் வாசலிலேயே நின்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள், இன்னும் சிவந்திருக்கிறது.

இனி மற்றது.

எட்டு நாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது, நீங்களாகச் சொன்னீர்கள். அதை மறக்கமாட்டேன். அந்த எட்டு நாளையும் மறக்கமாட்டேன். அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான்கு ஃபாக்டரிக் கணக்கையும் திருத்தினீர்களே, சட்டைப் பையில் வைத்திருக்கும் அந்தத் தாளைத் திருத்தினீர்களா? அதுவும் அதே புரோகிராம்தானே? 218-ஐப் பன்னிரண்டால் பெருக்கி 2616 என்று பிளந்திருக்கிறது உங்கள் மிஷின். நூறு மணிக்கு ஒரு நாள் என்று ஏற்றியிருக்கிறது. நான் கையால் போட்டேன். பன்னிரண்டு தரம் இரண்டு நாள், இருபத்து நான்கு நாள். பன்னிரண்டு தரம் பதினெட்டு மணி, இருநூற்றுப் பதினாறு மணி. அது ஒன்பது நாள். மொத்தம் முப்பத்து மூன்று நாள், ஒரு மணிகூடக் குறையாமல். இருபத்தாறு நாள்தான் வாழ்ந்தோம் என்று என்னிடம் குறைப்பட்டீர்களே, பாவி மனுஷா! ஆறு நாள் எட்டு மணி நேரம் நாம் சேர்ந்து இருந்ததை உங்கள் மிஷின் தின்றுவிட்டது, நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

அந்த ஆறு நாள் எட்டு மணியை உங்கள் எட்டு நாளில் கழித்துவிட்டேன். மிச்சம் ஒரு நாள் பதினாறு மணி. அதற்கு மட்டும்தான் இனி கோபம்.

கட்டிலை விற்றுவிடாதீர்கள். மே மாதம் இரண்டு வாரம் லீவு உண்டு. மாம்பழக் காலம் என்று செல்லாத்தாள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

கிறிஸ்மஸுக்கு 24-ம் தேதி காலை பத்து மணி பஸ்ஸில் வர வேண்டாம். அதிலிருந்து ஒரு நாள் பதினாறு மணி முன்னால் எந்த பஸ் வருகிறதோ அதில் வாருங்கள். எந்த பஸ் என்று நான் சொல்லமாட்டேன். மிஷினிடம் கேட்காமல் கையால் கணக்குப் போட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன்.

இன்பமேரி